சூசையம்மாள் எழுதிய ஊற்று

இந்த ஆண்டு வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் கோடை முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேர அட்டவணை, சமையல், படுக்கை வசதி எல்லாம் உங்கள் தலைமையாசிரியர் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது வேறு. முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள் நான். அத்தனை வருடத்தில் கண்ட ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் என் மனம் இன்னும் பழகவில்லை. நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. அது நடக்கும்போது எனக்கு இருபத்தாறு வயது. நடப்பதற்குக் காரணமாக இருந்தது என் தவறு.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை, ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் எழுத்து முகாம் ஒன்று ஏற்பாடு செய்தார். கடற்காற்றில் இருந்தால் பிள்ளைகளுக்கு எழுத்து வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்துப் பக்கம், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். கடலாடி, உத்தரகோசமங்கை என்று உள்நாட்டில் விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகளே அதிகம். பலர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பெட்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, இம்புட்டுத் தண்ணியா!" என்றாள்.

தீவுக்காரப் பிள்ளை ஒருத்திதான். சூசையம்மாள் என்று பெயர். பதின்மூன்று வயது. தகப்பனார் வலை போடுகிறவர். வீடு முகாமிலிருந்து இரண்டு மைல். கூச்சமில்லாமல் பார்ப்பாள், ஆனால் பேச மாட்டாள்.

பெரியவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர், சமையலுக்கு ஒரு அம்மாள். என்னுடன் வந்தவர் டிரில் டீச்சர் ராஜாமணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பிள்ளைகளை எண்ணுவது அவர் வேலை, எழுத வைப்பது என் வேலை.

மூன்றாம் நாள் 'எங்கள் ஊர் நீர்வளம்' என்று தலைப்புக் கொடுத்தேன். கடலாடியிலிருந்து வந்த தனபாக்கியம் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். 'வற்றாத ஜீவநதி வளைந்தோடும் எமது ஊரில் செந்நெல்லும் கரும்பும் செழித்தோங்கும்' என்று தொடங்கியது. கடலாடி வெயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அங்கே நதியைத் தேடினால் மணலும் கருவேல முள்ளும்தான் கிடைக்கும். ஆனாலும் அந்த வாக்கியம் பிழையில்லாமல் இருந்தது. சந்தி சரியாக இருந்தது. பத்துக்கு ஒன்பது போட்டேன்.

சூசையம்மாள் ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தாள். தலைப்பையே மாற்றி 'ஊத்துத் தோண்டுறது' என்று போட்டிருந்தாள். கடற்கரை மணலில் குடிதண்ணீருக்கு ஊற்று எடுப்பது எப்படி என்று எழுதியிருந்தாள். 'நண்டு வளை இருக்கிற பக்கம் தோண்டாத. அது உப்பு' என்று முதல் வரி. முன்னுரை இல்லை, பொருளுரை இல்லை, வாயால் பேசுகிற மாதிரியே எழுத்து. எதிரே நிற்கிற ஆளுக்குக் கட்டளை போடுகிற மாதிரி எல்லாம் செய், செய்யாதே.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். நடுவில் நான்கைந்து வரியை, இதெல்லாம் ஒரு கட்டுரையில் வரலாமா என்று எரிச்சலில் கட்டைப் பேனாவால் அழுத்தி அடித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை வகுப்பில் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், ஏற்ற இறக்கத்தோடு. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன்.

"இது கட்டுரையா, இல்லை கிணறு வெட்டுகிற ஆளுக்குச் சொல்லிவிட்ட சேதியா?" என்று கேட்டேன்.

சூசையம்மாள் எழுந்து நின்று, "சேதிதான் டீச்சர்" என்றாள்.

அவள் குறும்பாகச் சொல்கிறாள் என்று நினைத்து, "உட்கார்" என்றேன். நான் கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்தபோது அவள் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் இல்லை. சமையல் அம்மாள்தான் சொன்னார்: "அந்தப் புள்ள கருக்கல்லயே கெளம்பிருச்சு டீச்சர். தனியாப் போகுதேன்னு வீடு வரைக்கும் கூடப் போய் விட்டுட்டுத்தான் வாரேன். இனிமே வரலைன்னு சொல்லிருச்சு." பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று தெரிந்ததும் நான் அதோடு விட்டுவிட்டேன். எழுத்து வராத பிள்ளை, என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராஜாமணி டீச்சர் மட்டும், "இருபத்தேழு" என்று எண்ணி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்கு மறுநாள்தான் வெளியே போகிற நாள். தீவின் தென்கிழக்கே குடியிருப்பே இல்லாத ஒரு நீண்ட மணல்வெளி உண்டு. இரண்டு பக்கமும் கடல் தெரியும். அங்கே பிள்ளைகளை உட்கார வைத்து, பார்ப்பதை அப்படியே எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. கருக்கலில் புறப்பட்டு, நான்கைந்து மைல் நடந்து, வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். பத்து மணிக்குள் மாட்டுவண்டியில் இரண்டு பீப்பாய்த் தண்ணீரும் கட்டுச்சோறும் வந்துவிடும், சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம் என்று திட்டம். கையோடு கொண்டுபோனது எங்கள் இருவரின் கூஜாத் தண்ணீர் மட்டும்.

பிள்ளைகள் எழுதினார்கள். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வண்டி வரவில்லை. பாதி வழியில் மணலில் சக்கரம் புதைந்து அச்சு முறிந்து போனது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கூஜாத் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் கொடுத்ததில் இரண்டும் காலி.

உங்களில் யாராவது மே மாதம் அந்த மணலில் உச்சிவேளையில் நின்றிருக்கிறீர்களா? கீழேயிருந்தும் சுடும், மேலேயிருந்தும் சுடும். இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர் கிடந்து மினுங்கும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு படகு இல்லை, ஒரு ஆள் இல்லை. கரை ஒதுங்கிய கட்டைகளை நட்டு, தாவணிகளைக் கட்டி நிழல் பண்ணினோம். அதற்குள் உட்கார்ந்திருந்த மங்களம் என்கிற சின்னப் பிள்ளை, உத்தரகோசமங்கைக்காரி, சத்தமில்லாமல் சாய்ந்தாள். கன்னத்தைத் தட்டியதும் கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

ராஜாமணி டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இனி வண்டி வராது. இப்பவே நடந்தா ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல வீடுக இருக்கிற எடத்துக்குப் போயிரலாம். மங்களத்தை நான் தூக்கிக்கிறேன்."

"இந்த வெயிலிலா?"

"இங்கன உக்காந்திருந்தா மட்டும் வெயில் அடிக்காதா?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அந்த மணலில் செருப்பில்லாத பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தார்கள். நடந்தால் வழியில் எத்தனை பேர் விழுவார்கள்? உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர்? எந்தப் பக்கம் நினைத்தாலும் பயம் ஒன்றாகவே இருந்தது. நான் படித்த இலக்கணம், இலக்கியம், வாங்கிய பட்டம் எதுவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது தனபாக்கியம் பின்னால் வந்து நின்றாள். "டீச்சர், சூசையம்மா இருந்தா ஊத்துத் தோண்டியிருப்பா" என்றாள்.

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நான்தானே எல்லோர் காதிலும் விழ வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அது நினைவிருந்தது.

என் பையில் பிள்ளைகளின் நோட்டுகள் இருந்தன. அன்று காலை எழுதி முடித்ததும் வாங்கி வைத்தவை. அடியில் சூசையம்மாளின் நோட்டும் கிடந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் என்னிடமே தங்கிவிட்ட நோட்டு. எடுத்து விரித்தேன்.

"அரை மணி நேரம் கொடுங்கள்" என்று ராஜாமணி டீச்சரிடம் கேட்டேன்.

"ஒரு பச்சப்புள்ள எழுதுன நோட்டை நம்பியா?"

"ஆமாம்."

அவர் கடலைப் பார்த்தார், மங்களத்தைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "படிங்க" என்றார்.

முந்தாநாள் கேலி செய்வதற்காக வாசித்த அதே பக்கத்தை இப்போது வாசித்தேன்.

'நண்டு வளை இருக்கிற பக்கம் தோண்டாத. அது உப்பு. ராவணன் மீசைப் புல்லு உருண்டு வந்து கெடக்கிற எடத்தைப் பாத்து ஏமாறாத. அது காத்து கொண்டாந்து போட்டது. வேர் விட்டுப் பச்சையா நிக்கிற எடத்தைப் பாரு. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல பள்ளமா இருக்கும். அங்கன மேல் மணலைத் தள்ளிட்டுக் கையை வை. கை குளுந்தா அதுதான் எடம்.'

பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். கரையோரம் நண்டு வளைகள் இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து 'பார்ப்பதை எழுதி'க்கொண்டிருந்தோம். உள்ளே தள்ளி, இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே பச்சைப் புல் நின்ற ஒரு பள்ளம் இருந்தது. சுடுமணலை ஒதுக்கிக் கையை வைத்தேன். குளிர்ந்தது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தனபாக்கியத்தின் கையை இழுத்து வைத்தேன். "குளுருது டீச்சர்!" என்று கத்தினாள்.

தோண்டினோம். முழங்கை ஆழத்துக்குமேல் போனதும் மணல் ஈரமாயிற்று. அடியில் ஒரு சங்கு அளவுக்குத் தண்ணீர் கசிந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பொறுமை போயிற்று. ராஜாமணி டீச்சர் பலசாலி. குழியை அகலமாக்கி உள்ளேயே இறங்கிவிட்டார். இடுப்பளவுக்குத் தோண்டினார். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். மறுகணம் துப்பினார்.

கடல்தண்ணீர்.

கைதட்டல் நின்றது. ஒருத்தி அழத் தொடங்கினாள். பிறகு நான்கைந்து பேர். ராஜாமணி டீச்சர் குழியை விட்டு ஏறி, முகத்தில் ஒட்டிய மணலைக்கூடத் துடைக்காமல் விசிலை வாயில் வைத்தார். "வரிசையில நில்லுங்க. நடக்கலாம்."

நான் அந்தத் தாளையே வெறித்துக்கொண்டிருந்தேன். 'கை குளுந்தா அதுதான் எடம்' என்பதற்கு அடுத்து நான்கைந்து வரி இல்லை. இருந்தது, ஆனால் இல்லை. நான் அழுத்தி அடித்த சிவப்பு மைக்கு அடியில் கிடந்தது. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை. கதவைத் திறக்கும் சாவியை நானே கிணற்றில் போட்டுவிட்டு, பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

தனபாக்கியம் என் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். அனுமதி கேட்கவில்லை. அந்த ஒரு தாளை மட்டும் நிமிர்த்தி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். வெளிச்சத்தில் சிவப்பு வெளிறி, அடியில் பென்சில் எழுத்து சாம்பல் நிறமாக எழுந்தது. கண்ணைச் சுருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

'உக்காந்துக்கிட்டே தோண்டு. உக்காந்து கைக்கு எட்டுற ஆழம் போதும். குழிக்குள்ள எறங்கித் தோண்டுனா உப்பு. நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மெதந்துக்கிட்டு இருக்கும். உப்பை எழுப்பிறாத.'

ராஜாமணி டீச்சரின் வாயிலிருந்து விசில் நழுவியது.

தள்ளிப் போய், இன்னொரு பள்ளம் பார்த்து உட்கார்ந்தோம். நானும் தனபாக்கியமும் மட்டும் தோண்டினோம். கை எட்டிய இடத்தில் நிறுத்தினேன். அடியில் ஈரம்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. இன்னும் ஒரு பிடி மணல் எடுக்கலாமே என்று விரல் துடித்தது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற இடம் இதுதான். நெருக்கடியில் ஏதாவது செய்வது சுலபம். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் என்னிடம் இல்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அடுத்த வரியிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்:

'தண்ணி ஊறும்போது பேசாம இருக்கணும். பேசுனா தண்ணிக்குக் கூச்சம்னு எங்கம்மா சொல்லும். அது பொய்யின்னு எனக்குத் தெரியும். பேசுனா நமக்கு அவசரம் வந்துரும், அதான்.'

இருபத்தேழு பிள்ளைகளும் குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. காற்று மட்டும் மணலை இழுத்தது. மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணலின் நிறம் கொஞ்சம் கறுத்தது. பிறகு ஒரு பக்கம் மினுங்கியது. மணல்துகள் ஒவ்வொன்றுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் எழுந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரு வெற்றிலை அளவுக்கு, பிறகு ஒரு உள்ளங்கை அளவுக்கு நின்றது. அதில் வானம் தெரிந்தது.

'மொதல்ல வாற கலங்கலை எடுத்து ஊத்திரு. ரெண்டாவது வாறதை அள்ளு. தோண்டுனவ மொதல்ல குடிச்சுப் பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் மத்தவளுக்கு.'

கலங்கலை எடுத்து ஊற்றினேன். மறுபடி காத்திருந்தோம். கூஜா மூடியால் மெல்ல அள்ளி நாக்கில் விட்டேன். உப்பு இல்லை. குளிர்ந்த, மண்வாசனை வீசுகிற, நல்ல தண்ணீர். மூடியை ராஜாமணி டீச்சரிடம் நீட்டினேன். அவர் குடிக்காமல் மங்களத்தின் வாயில் ஊற்றினார். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "இன்னும்" என்றது.

ஒரே ஊற்றில் நிறைய அள்ளினால் கரிக்கும், விட்டுட்டு அடுத்ததுக்குப் போ என்றும் எழுதியிருந்தாள். அப்படியே செய்தோம். மூடி மூடியாக, சுற்றிச் சுற்றி, ஐந்து ஊற்றுகள். இருபத்தேழு பேரும் குடித்தார்கள். வெயில் தாழ்ந்தபின் எழுந்து நடந்தோம். எல்லோரும் தங்கள் காலால்தான் நடந்தார்கள்.

அன்று முகாமுக்குத் திரும்பியதும் தனபாக்கியம் என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க ஊர்ல ஆறு இல்ல."

"தெரியும்."

"வேற எழுதித் தரட்டா?"

"தா" என்றேன்.

சூசையம்மாள் திரும்பி வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள். மீதி நாள் முழுக்க இருந்தாள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது மறுநாள் காலை அவள் வீட்டில் நடந்தது.

தகப்பனார் கடலுக்குப் போயிருந்தார். அவள் தாய் முற்றத்து மணலில் ஓலைப்பாய் விரித்துக் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"புள்ள ஏதும் தப்புப் பண்ணிருச்சா டீச்சர்?"

"தப்புப் பண்ணினது நான் அம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சூசையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. நான் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். வகுப்பில் சிரிக்க வைத்தது, சிவப்பு மை, உப்புக் குழி, வெயிலுக்கு நேரே பிடித்த தாள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தாள். கடைசியில் என் எதிரே நின்றாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. வேறு ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்தது.

"நான் அங்கன வரவே இல்லையே டீச்சர்" என்றாள்.

"இல்லை. நீ வரவில்லை."

"யாரும் கூட இருந்து காட்டலையா?"

"யாரும் இல்லை. உன் நோட்டு மட்டும்தான்."

"இனிச்சுச்சா?"

"இனித்தது."

நோட்டை நீட்டினேன். அவள் வாங்கிப் பிரித்து, தான் எழுதியதைத் தானே முதன்முறை பார்ப்பவள்போல் பார்த்தாள். அவள் தாய் கையிலிருந்த செதிலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இதுல எங்கன இருக்கு அந்தத் தண்ணி?" என்று மகளிடம் கேட்டார்.

சூசையம்மாள் தாயின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, சிவப்பு மைக்குக் கீழே, அந்த இடத்தில் வைத்தாள். பிறகு தானும் மெல்லச் சொல்லிக்கொண்டே, அந்த விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். உப்பு ஊறி வெடித்த அந்த விரல் வரி முடிகிற வரைக்கும் போயிற்று. முடிந்த பிறகும் அந்த அம்மாள் அதை எடுக்கவில்லை.